எஞ்சினைத் திறக்கு முன்...



உங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய பிக்கப் வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மரக்காணம். வெயில் காலமெல்லாம் உப்பு மூட்டை. மழைக்காலத்தில் சவுக்குக் கட்டை, மீன் பெட்டி, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான் என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றி இறக்கி உங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி அது. வாங்கிப் பதினெட்டு வருடமாகிறது. சில மாதங்களாகக் காலையில் கிளப்பினால் நீலப்புகை தள்ளுகிறது. உப்பளத்து மண்சாலையில் முழுப் பாரத்துடன் ஏற மறுக்கிறது. வாரத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. மெக்கானிக் வந்தார், பானெட்டைத் தூக்கினார், சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார். "எஞ்சினை இறக்க வேண்டியதுதான், பாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. மனைவியின் வளையல்களை வைத்து எஞ்சின் வேலையை முடித்துவிடலாம் என்பார் ஒருவர். இந்தத் தகர டப்பாவைத் தலைமுழுகிவிட்டு ஃபைனான்ஸில் புது வண்டி எடு என்பார் மைத்துனர். எதுவும் வேண்டாம், வண்டியை விற்றுவிட்டு வளைகுடாவுக்கு டிரைவராகப் போய்விடு என்பார் பெரியவர் ஒருவர். ஆக, ஓர் எஞ்சினைப் பற்றிய கேள்வி ஒரே இரவில் நகையைப் பற்றிய கேள்வியாகவும், வட்டியைப் பற்றிய கேள்வியாகவும், தகப்பன் வீட்டில் இருப்பானா இருக்கமாட்டானா என்ற கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. அதனால்தான் ஒரு குடும்பப் பத்திரிகையில் இதை எழுதத் துணிந்தோம்.

முடிவு எடுக்குமுன் முதலில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. பானெட்டை மூடுங்கள். வண்டிக்கு அடியில் ஒரு சாக்கை விரித்துப் படுங்கள்.

உப்பு தின்பது எதை?

மரக்காணத்துக்கு உப்பு புதிதல்ல. லாரிகள் வருவதற்கு முன்னர், ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை நீண்ட பக்கிங்காம் கால்வாய்தான் இந்தக் கரையின் நெடுஞ்சாலை. உப்பும் விறகும் படகில் சென்னை சென்றன. மரப்படகை உப்பு ஒன்றும் செய்வதில்லை. சொல்லப்போனால் மரம் உளுத்துப் போகாமல் காக்கவும் செய்யும். இரும்புச் சக்கர வண்டி வந்த பிறகுதான் உப்பு நமக்குப் பகையாயிற்று.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் பெரும்பங்கு நாம் உண்ணும் சோடியம் குளோரைடு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். உடன் இருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். கடற்கரைக் காற்று அந்த அளவுக்குக் கீழே போவது மிக அரிது. ஆகவே உப்பு மூட்டையிலிருந்து சொட்டி, வண்டியின் அடியில் படிந்த அந்த மெல்லிய படலம் கோடையில்கூட முழுமையாகக் காய்வதில்லை. காயாத உப்புநீர் இருபத்து நான்கு மணி நேரமும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஆனால் அது எதைத் தின்கிறது என்று பாருங்கள். எஞ்சினின் உட்பகுதி எண்ணெயில் குளித்துக்கொண்டே இருக்கிறது. அதன் உடலோ தடித்த வார்ப்பிரும்பு. வெளியே எவ்வளவு துருப்பிடித்தாலும் உள்ளே உப்பு நுழைவது எளிதல்ல. தின்னப்படுவது சாசிதான். எஞ்சினையும் பாடியையும் சுமையையும் ஒருங்கே தாங்கும் அந்த நீண்ட இரும்புச் சட்டம். அதிலும் பட்டை ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகள், குறுக்குச் சட்டங்கள், மூட்டைத் தண்ணீர் வடிந்து தேங்கும் மூலைகள், பெட்டிபோல மூடிய சட்டத்தின் உட்புறம், பிரேக் குழாய்கள்.

பெரும்பாலோர் செய்யும் தவறு இங்கேதான். புகை கண்ணுக்குத் தெரிகிறது. சத்தம் காதுக்குக் கேட்கிறது. சாசியின் துரு தெரிவதுமில்லை, கேட்பதுமில்லை. எனவே கையிலிருக்கும் பணமெல்லாம் எஞ்சினுக்குப் போகிறது. எட்டே மாதத்தில் சாசி பிளந்து நின்றால் புது எஞ்சினைச் சுமக்க வண்டி இல்லை!

எஞ்சினைத் திரும்பவும் உருவாக்கிவிடலாம். தேய்ந்த உறுப்பு ஒவ்வொன்றுக்கும் கடையில் மாற்று உண்டு. உள்ளுக்குள் தின்னப்பட்ட சாசிக்கு அப்படி மாற்று இல்லை. உப்புக் கரையில் பழைய வண்டியின் ஆயுளைச் சொல்வது சாசி, எஞ்சின் அன்று. இது எமது உறுதியான கருத்து.

சோதிப்பது எப்படி? ஒரு சிறு சுத்தியலும் பழைய ஸ்குரூ டிரைவரும் போதும். முதலில் அடிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். பிறகு சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். உளுத்த இரும்பு மட்டையைத் தட்டியதுபோல மொத்தென்று ஒலிக்கும். மொத்தென்று ஒலித்த இடத்தில் ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். ஏடு ஏடாக உரிந்து வந்தால் மேற்கொண்டு சோதியுங்கள். முனை உள்ளே போய்விட்டால் சோதனை முடிந்தது. ஸ்பிரிங் கொக்கியருகிலோ, ஸ்டியரிங் பெட்டி பொருந்திய இடத்திலோ அப்படி நேர்ந்தால் அந்த வண்டியின் எஞ்சினுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். "பட்டை வைத்து வெல்டிங் அடித்துக் கறுப்புப் பெயின்ட் பூசிவிட்டால் எஃப்.சி. எடுத்துவிடலாம்" என்று ஆலோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். அந்தப் பெயின்டுக்குள் ஓட்டை இருப்பது ஆய்வாளருக்குத் தெரியாமல் போகலாம். உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து வரும் கூலியாளின் உயிர் அந்த ஓட்டையில் தொங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியுமே!

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சாசியில் பொறித்துள்ள எண் படிக்கும் நிலையில் உள்ளதா? தகுதிச் சான்றுக்குப் போகும்போது அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பது வழக்கம். துரு அந்த எண்ணைத் தின்றிருந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

மெக்கானிக் சொன்னது சரிதானா?

சாசி கணீரென்று ஒலித்தது, அல்ஹம்துலில்லாஹ். இனி எஞ்சினுக்கு வருவோம். இறக்கியே தீரவேண்டுமா என்பதை இறக்குவதற்கு முன்பே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

புகையின் நிறம் ஒரு மொழி. கறும்புகை வந்தால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு என்று பொருள். அடைத்த ஏர் ஃபில்டரும் கெட்ட நாசிலும் போதும், அதை உண்டாக்க. பம்ப் சர்வீஸ் பட்டறையில் நாசில்களைச் சோதிப்பதற்கு ஆகும் செலவு எஞ்சின் வேலையோடு ஒப்பிட்டால் அற்பம். வெண்புகை எரியாத டீசலாகவும் இருக்கலாம்; சிலிண்டருக்குள் தண்ணீர் கசிவதாகவும் இருக்கலாம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் தண்ணீரில் குமிழிகள் விடாமல் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். நீலப்புகைதான் ஆயில் எரிவதன் அடையாளம். அதிலும் காலையில் கிளப்பியவுடன் ஒரு கணம் நீலமாக வந்து பிறகு நின்றுவிட்டால் வால்வு சீல்கள் போயிருக்கலாம். அதற்கு ஹெட்டை மட்டும் கழற்றிப் பார்க்கும் மேல் வேலை போதும். பாரம் ஏறும்போதெல்லாம் நீலம் தொடர்ந்தால்தான் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்தன என்று எண்ண இடமுண்டு.

எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்துங்கள். அந்தத் துவாரத்திலிருந்து புகை குபுகுபுவென்று வந்து மூடியையே துள்ளவைத்தால், எரிவாயு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. இதற்கும் மேலாக கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். நான்கும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் வயதான தேய்மானம். ஒன்று மட்டும் படுத்திருந்தால் அந்த ஒன்றில் ஏதோ நேர்ந்திருக்கிறது. கேஜ் வைக்காமல், காதால் மட்டும் கேட்டு, எஞ்சினை இறக்கச் சொல்பவரிடம் மரியாதையோடு தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு இன்னொருவரைக் கேளுங்கள்.

எவ்வளவு நுட்பமான தேய்மானத்தைப் பற்றிப் பேசுகிறோம் தெரியுமா? டாட்டா 407, 207 வண்டிகளில் ஓடிய 497 என்ற எஞ்சினின் பெயரிலேயே அதன் அளவு உள்ளது: நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம். அந்த 97 மில்லிமீட்டரில் இரண்டு மூன்று தலைமுடிப் பருமன் தேய்ந்துவிட்டாலே போரிங் செய்யவோ லைனர் மாற்றவோ நேரம் வந்துவிட்டது என்று பொருள். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. அளவு கருவிதான் சொல்ல வேண்டும்.

அது ஏன் தேய்ந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எஞ்சின் கட்டியவர்கள் இரண்டாண்டில் மறுபடியும் கட்டுகிறார்கள்.

மரக்காணம் பக்கத்தில் எஞ்சின்கள் சாவதற்கு எமக்குத் தெரிந்து இரண்டு பெருங்காரணங்கள். ஒன்று தூசி. உப்பளத்து மண்சாலையின் தூசி, வெடித்த ரப்பர் குழாய் வழியாகவோ, கழுவாத ஏர் ஃபில்டர் வழியாகவோ உள்ளே போனால் சிலிண்டருக்கு அது உப்புத்தாள். மற்றொன்று தண்ணீர். ரேடியேட்டர் வற்றினால் நாம் என்ன செய்கிறோம்? அருகிலிருக்கும் கைப்பம்பில் ஒரு குடம் பிடித்து ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீரை நாம் குடிப்போமா? வாயில் வைக்க முடியாமல் உப்புக் கரிக்கும் நீரை வண்டிக்கு மட்டும் வார்க்கிறோம். வெளியிலிருந்து எஞ்சினுக்குள் நுழைய முடியாத உப்பை நாமே மூடியைத் திறந்து உள்ளே விடுகிறோம்! அது நீர்ப்பாதைகளில் துருவையும் காறையையும் வளர்க்கிறது, ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கிறது, எஞ்சின் கொதிக்கிறது, ஹெட் வளைகிறது, பிஸ்டன் சிலிண்டரைக் கீறுகிறது. பிறகு "கம்பெனிக்காரன் செய்தது சரியில்லை" என்கிறோம்.

கொதிக்கும் எஞ்சினைக் குளிர்விக்கத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர் வைத்தியம். இதுவும் தவறே. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டை அடையவே நேரமாகிறது, குளிர்ந்தே ஓடும் எஞ்சினில் தேய்மானம் கூடும், ஆயிலும் சேறாகும்.

ஆகவே எஞ்சின் வேலை என்று முடிவானால் ரேடியேட்டர் வேலையும் அதோடு சேர்ந்தது. அதன்பின் கூலண்ட் கலந்த சுத்த நீர் மட்டுமே. கேன் தண்ணீர் கிடைக்கும் காலம் இது. மொட்டை மாடியில் பிடித்த மழைநீர்கூட அந்தக் கைப்பம்பு நீரைவிட எவ்வளவோ மேல்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் கதை வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் ஏர் ஃபில்டர் மட்டத்துக்கு நீரில் நின்ற வண்டியை நீர் வடிந்ததும் கிளப்பிப் பார்ப்பதுதான் பலரின் முதல் வேலை. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது காற்றைப் போல அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியைத் தொடாமல் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். நாசில்களை எடுத்து நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகே எஞ்சினைச் சுற்ற வேண்டும். இதை ஓரிரு நாளில் செய்தால் எஞ்சின் பிழைக்கும். ஒரு மாதம் அப்படியே நிறுத்திவைத்தால் சிலிண்டரில் ரிங்குகள் துருவோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு முழு வேலைதான்.

கிரேக்கத்திலிருந்து ஒரு செய்தி

பழைய வண்டிக்கு எஞ்சின் வேலை பார்ப்பது மடமை என்று எண்ணுவோர் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்ட ஒரு டாக்ஸியைப் பற்றி அறிய வேண்டும். கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரத்து டாக்ஸி ஓட்டுநர் கிரெகோரியோஸ் சச்சினிடிஸ், 1976ஆம் ஆண்டு மாடல் 240 டி காரை 1981இல் பழைய வண்டியாகவே வாங்கினார். 2004இல் அதை அந்நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது அது ஓடியிருந்த தூரம் 46 லட்சம் கிலோமீட்டர். ஒரே எஞ்சினிலா? இல்லை. கைவசம் உதிரி எஞ்சின்களை வைத்திருந்து, ஒன்று ஓட, மற்றது பழுது பார்க்கப்பட, மாற்றி மாற்றிப் பொருத்தினார். எஞ்சின்கள் வந்து போயின. உடல் நிலைத்தது.

இதில் நமக்கு ஓர் உறவும் உண்டு. அந்த 240 டி காரில் இருந்தது ஓ.எம். 616 என்ற டீசல் எஞ்சின். அதையேதான் பஜாஜ் டெம்போ நிறுவனம் (2005இலிருந்து ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) இந்தியாவில் தயாரித்துத் தன் டெம்போ வண்டிகளில் பொருத்தியது. ஆக, நம் ஊர்ப் பட்டறைகளில் கழற்றி மாட்டப்பட்ட எஞ்சினும் அந்தக் கிரேக்க டாக்ஸியின் எஞ்சினும் ஒரே குடும்பம்.

ஆனால் எல்லா எஞ்சினுக்கும் இந்த நியாயம் பொருந்தாது. தடித்த வார்ப்பிரும்பு, இயந்திர டீசல் பம்ப், கம்பியூட்டர் இல்லாத அமைப்பு, இவை கொண்ட பழைய எஞ்சின்களை லேத் பட்டறையுள்ள எந்த ஊரிலும் சரிசெய்யலாம். 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்களும் புகை வடிகட்டிகளும் நிறைந்துள்ளன. அவற்றின் மின் இணைப்புகளில் உப்புக் காற்று பச்சைப் படலமாகப் படிந்தால் கோளாறைக் கண்டறியவே தனிக் கருவி தேவை. புது வண்டி எடுத்தால் செலவே இராது என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2005இல் வந்த டாட்டா ஏஸ், நம் மக்கள் வாயில் குட்டியானை, போன்ற சிறு வண்டிகளுக்கோ வேறு கணக்கு. அங்கே எஞ்சினும் சிறிது, வண்டியின் விலையும் குறைவு. அதனால் வேலையின் செலவு வண்டி விலையைத் தொட்டுவிடுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நகையும் தவணையும்

இப்போது பணம். எஞ்சினுக்குப் போட்ட பணம் வண்டியை விற்கும்போது திரும்பி வராது. வாங்குபவர் ஆண்டைப் பார்ப்பார், பெயின்டைப் பார்ப்பார். நீங்கள் மாற்றிய பேரிங்குகளைப் பார்க்கமாட்டார். ஆகவே விற்பதற்காக எஞ்சின் வேலை பார்க்காதீர்கள். ஓட்டுவதற்காகப் பாருங்கள்.

கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். வேலை முழுவதற்கும் 1,20,000 ரூபாய். சாசி இன்னும் நான்கு ஆண்டு தாங்கும் என்றால் ஆண்டுக்கு 30,000; மாதத்துக்கு 2,500. இது எந்தப் புது வண்டித் தவணையையும்விடக் குறைவு. அதே சாசி ஓராண்டுதான் தாங்கும் என்றால் மாதம் 10,000! பட்டறையில் நிற்கும் நாட்களில் இழக்கும் வாடகையையும் இதோடு கூட்டுங்கள். தொகையை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். விடை சாசியிடம் உள்ளது என்று முன்னரே சொன்னோம்.

புது வண்டித் தவணையில் வட்டி உண்டு. அதன் விலக்கு வாசகர்கள் அறியாததல்ல. அறிந்தும், "வேறு வழியில்லை" என்று கையெழுத்திடுகிறோம். வேறு வழி உண்டா என்று ஒரு வாரம் தேடிப் பார்த்தோமா? சில மஹல்லாக்களில் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. புது வண்டிக்கு அது போதாது. எஞ்சின் வேலைக்கு ஒருவேளை போதும். உறவினர் ஒருவர் பணம் போட்டு, நீங்கள் உழைத்து, இலாபத்தில் பேசிய விகிதப்படி பங்கிடும் கூட்டும் நம் மார்க்கத்தில் உள்ளதே. அதில் உங்கள் கவனக்குறைவின்றி நட்டம் வந்தால் முதலீட்டு நட்டம் பணம் போட்டவருடையது என்பதை முதலிலேயே அவருக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டுப் பிறகு உறவு முறிந்த குடும்பங்கள் உண்டு.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. மஹராகப் பெற்றதும், தாய்வீட்டிலிருந்து வந்ததும் மனைவியின் சொத்து. அவர் மனமுவந்து விட்டுக் கொடுத்ததைத்தான் கணவன் எடுத்துக்கொள்ளலாம் (திருக்குர்ஆன் 4:4). சகோதரியே, உங்கள் வளையலைக் கேட்டு அவர் வந்தால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தீர்களா?" பார்த்துவிட்டு வந்தவருக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். அடகுக் கடை வட்டியைவிட, ஒரு வளையலை விற்றுவிடுவது மேல் என்பது எமது எண்ணம்.

பட்டறையில் பேச வேண்டியவை

அளவெடுத்து, போரிங் செய்து, ஒரு படி பெரிய பிஸ்டன் போடுவதும், கிராங்கைத் தேய்த்து அதற்கேற்ற பேரிங் போடுவதும்தான் முறையான வேலை. "சிலிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ரிங் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்" என்பது கேட்க இனிமையாக இருக்கும். தேய்ந்து நீள்வட்டமான சிலிண்டரில் புது ரிங் பொருந்தி உட்காராது. சில மாதங்களில் அதே நீலப்புகை.

கழற்றிய பழைய உறுப்புகளை உங்களிடமே திருப்பித் தரச் சொல்லுங்கள். லேத் பட்டறை ரசீதில் அளவுகள் எழுதியிருக்க வேண்டும். பாதிப் பணம் இப்போது, மீதி உப்பு சீசனில் என்று பேசினால் அது கடன்; தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளும்படி திருக்குர்ஆன் (2:282) அறிவுறுத்துகிறது. மெக்கானிக் மாற்று மதத்தவராயினும், சொந்த மச்சானாயினும் எழுதுங்கள்.

எஞ்சினை மாற்றிவிடுவோம், புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும். ஆனால் அதன் எண் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏற வேண்டும். ரசீது இல்லாத எஞ்சின் யார் வீட்டு வண்டியிலிருந்து வந்ததோ! உங்கள் பழைய எஞ்சினையே கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

பதினைந்து வருடம் கடந்த வண்டியை ஓட்டவே விடமாட்டார்களாமே என்று பலர் அஞ்சுகிறார்கள். டில்லிப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. அது டில்லிப் பகுதிக்கானது. 2023 ஏப்ரல் முதல் பதினைந்தாண்டு கடந்தவற்றின் பதிவைப் புதுப்பிக்கக்கூடாது என்றது அரசுக்குச் சொந்தமான வண்டிகளை. நம்முடையதைப் போன்ற சரக்கு வண்டிக்கு எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கொரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். பதினைந்தாண்டு கடந்தவற்றுக்குக் கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் பெரிதும் உயர்த்தினார்கள். எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அன்றைய கட்டணத்தைக் கேட்டு அதையும் நாம் போட்ட கணக்கில் சேருங்கள்.

சாசி உளுத்திருந்தால் விற்றுவிடத்தான் வேண்டும். அப்போதும் ஒரு பொறுப்பு உண்டு. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, அதை மேலே வைக்காத வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்! கெட்டியான ஆயிலை ஊற்றிப் புகையை அடக்கி, சாசிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து விற்பது அந்த ஈரத் தானியமே. பழைய இரும்புக்கு என்று சொல்லி, குறையைக் காட்டி, குறைந்த விலைக்கு விற்றாலும் அந்தப் பணம் உங்களுடையது.

வேலை பார்ப்பது என்றே முடிவானால் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு வாரும் மாதங்களில் எஞ்சினை இறக்கினால் சீசன் போய்விடும். அக்டோபரில் மழை தொடங்கிப் பாத்திகளில் நீர் நிற்கும்போது இறக்குங்கள். தை பிறப்பதற்குள் வண்டி வெளியே வந்து, முதல் ஆயிரம் கிலோமீட்டரைப் பாதிப் பாரத்தில் ஓடி முடித்திருக்க வேண்டும். முதல் ஐந்நூறு கிலோமீட்டரிலேயே ஆயிலை மாற்றிவிடுங்கள். வடித்த கறுப்பு ஆயிலை உப்பளக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அந்த நீர் போய்ச் சேரும் கழுவேலி 2021 முதல் பறவைகள் சரணாலயம். அதைச் சாசியில் பூசுவோரும் உண்டு. பூசுவதானால் ரப்பர் புஷ், பிரேக் குழாய் ஆகியவற்றில் படாமல், கழுவிக் காய்ந்த இரும்பின்மேல் மட்டும் பூசுங்கள். உப்பின்மேல் பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகும்.

உப்பு ஏற்றிய நாள் மாலையில் இருபது நிமிடம், நல்ல தண்ணீர், அடிப்புறம். பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம்; விரும்பிச் செய்வார்கள். வண்டிக்குள் ஒரு நோட்டு வைத்து, ஊற்றிய ஆயிலையும் தேதியையும் எழுதிவாருங்கள். அதன் முதல் பக்கத்தில் அடுத்த எஃப்.சி. தேதியை எழுதி, அதற்கு ஒரு மாதம் முன்பாகச் சுத்தியலை எடுத்துக்கொண்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் படுங்கள்.